ஐம்பது பவுண்டு

மெல்போர்னிலிருந்து ஹ்யூம் நெடுஞ்சாலையில் வடகிழக்கே போனால் க்ளென்ரோவன் என்று ஒரு சின்ன ஊர் வரும். ஊருக்குள் நுழைந்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொள்ளைக்காரர் நெட் கெல்லி ஆறு மீட்டர் உயரச் சிலையாக நிற்பார், தலையில் அந்த இரும்புக் கவசம், கையில் துப்பாக்கி. வாளியைக் கவிழ்த்து கண்ணுக்கு மட்டும் ஒரு கீறல் போட்ட மாதிரி இருக்கும் அந்தக் கவசத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. 2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில்கூட அந்த உருவம் வந்தது. போன முறை போனபோது பையனைச் சிலையடியில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். "இவரை யாருப்பா பிடிச்சாங்க?" என்று கேட்டான். போலீஸ் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்தப் பதில் எவ்வளவு அரைகுறையானது என்பது பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் தெரிந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த விக்டோரியாவின் வடகிழக்கில் ஐரிஷ் ஏழை விவசாயக் குடும்பம். 1878 ஏப்ரலில் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற கான்ஸ்டபிள் குதிரைத் திருட்டு வழக்கில் தம்பி டேனைக் கைது செய்யத் தனியாக வீட்டுக்குப் போகிறார், கையில் காயத்தோடு திரும்பி வந்து நெட் சுட்டான் என்கிறார். அதே வழக்கில் அம்மா எலனுக்கு மூன்று வருட சிறை, கைக்குழந்தையோடு. அந்த ஃபிட்ஸ்பேட்ரிக்கை இரண்டே வருடத்தில் போலீஸ் துறையே வேலையிலிருந்து நீக்கியது. 1878 அக்டோபர் 26 அன்று தங்களைத் தேடி வந்த நான்கு போலீஸ்காரர்களில் மூன்று பேரை ஸ்ட்ரிங்கிபார்க் க்ரீக் அருகே கெல்லி கும்பல் சுட்டுக் கொன்றது. கென்னடி, ஸ்கேன்லன், லோனிகன். இந்த மூன்று பெயர்களையும் வேண்டுமென்றேதான் எழுதுகிறேன், கெல்லியை வீரன் என்று கொண்டாடுகிறவர்கள் இவர்கள் பெயரைச் சொல்லுவதே இல்லை. இவர்களுக்கும் குடும்பம் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்த தேடுதல் வேட்டைதான் எனக்கு முக்கியம். கும்பலின் நான்கு பேரைப் பிடிக்க ஒரு காலனியின் மொத்த போலீஸுக்கும் இருபது மாதம் ஆனது. அந்த நான்கு பேரையும் யார் வேண்டுமானாலும் பார்த்த இடத்தில் சுடலாம் என்று தனிச் சட்டமே போட்டார்கள். பரிசுத்தொகை ஏறி ஏறி 8,000 பவுண்டுக்குப் போனது. அப்படியும் ஊரில் பெரும்பாலானவர்கள் காட்டிக்கொடுக்க முன்வரவில்லை. ஏன் வரப்போகிறார்கள்? 1879 ஜனவரியில் கெல்லிக்கு உதவுகிறவர்கள் என்று சந்தேகப்பட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து பீச்வொர்த் சிறையில் அடைத்தார்கள். சாட்சியும் இல்லை, விசாரணையும் இல்லை, வாராவாரம் காவலை நீட்டித்துக்கொண்டே போனார்கள், அதுவும் அறுவடை நேரத்தில். சிலர் மூன்று மாதம் உள்ளே இருந்தார்கள். அறுக்க ஆள் இல்லாமல் கதிர் வயலில் நிற்க, வீட்டுக்காரன் குற்றம் என்னவென்றே சொல்லப்படாமல் உள்ளே இருக்கிறான் என்றால் அந்த வீட்டு மனுஷி போலீஸுக்குத் துப்பு கொடுப்பாளா? கெல்லிக்கு அந்த ஊர்ப்பக்கம் கிடைத்த ஆதரவில் பெரும் பங்கு போலீஸ் செய்துகொடுத்தது என்பதுதான் என் கருத்து.

சரி, ஊர்க்காரர்கள் உதவவில்லை, காடும் மலையும் போலீஸுக்குப் பழக்கமில்லை. அப்போதுதான் க்வீன்ஸ்லாந்திலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். 1879 மார்ச்சில் சப்-இன்ஸ்பெக்டர் ஸ்டான்ஹோப் ஓ'கானர் தலைமையில் ஆறு பூர்வகுடி வீரர்கள் க்ளென்ரோவனுக்குப் பக்கத்து ஊரான பெனல்லாவுக்கு வந்தார்கள். சாம்போ, ஹீரோ, ஜானி, ஜிம்மி, பார்னி, ஜாக். எல்லாம் போலீஸ் பதிவேட்டுப் பெயர்கள். தடம் பார்ப்பதுதான் இவர்கள் வேலை. மிதிபட்ட புல், இடம் மாறிய கல், கலைந்த பனித்துளி, இவ்வளவு போதும் அவர்களுக்கு. கெல்லி இவர்களுக்கு மிகவும் பயந்தார். 1878 டிசம்பரில் யூரோவா வங்கி, 1879 பிப்ரவரியில் ஜெரில்டெரி வங்கி என்று கொள்ளையடித்த கும்பல், இவர்கள் வந்த பிறகு பதினைந்து மாதத்துக்கு மேல் தலையே காட்டவில்லை. வெப்பமண்டலத்திலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே கூட்டிவரப்பட்ட சாம்போ, வந்த சில வாரங்களுக்குள்ளேயே நுரையீரல் நோயில் இறந்துபோனார். பெனல்லாவிலேயே புதைத்தார்கள்.

அப்புறம் க்ளென்ரோவன். இதில் ஒன்று எனக்குத் திகைப்பாக இருந்தது. க்வீன்ஸ்லாந்து அரசு தன் ஆட்களைத் திருப்பி அழைத்துவிட்டதால் 1880 ஜூன் கடைசியில் அவர்கள் ஊருக்குக் கிளம்பி மெல்போர்ன் வரை வந்துவிட்டார்கள். ஜூன் 26 இரவு, போலீஸுக்கு உளவு சொன்ன ஆரன் ஷெரிட்டை அவருடைய பழைய நண்பன், கெல்லி கும்பலில் ஒருவரான ஜோ பர்னே வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார். காவலுக்கு இருந்த நான்கு போலீஸ்காரர்கள் உள்ளறையில் பதுங்கிக்கொண்டார்கள். உடனே தடம் பார்ப்பவர்கள் திரும்பவும் வேண்டும் என்று சிறப்பு ரயில் ஏற்றினார்கள். கெல்லி எதிர்பார்த்ததும் அந்த ரயிலைத்தான். க்ளென்ரோவனுக்கு அப்பால் தண்டவாளத்தைப் பெயர்த்து வைத்திருந்தார். கர்னோ என்ற பள்ளி ஆசிரியர் சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்து ரயிலை நிறுத்தியிராவிட்டால் அதில் இருந்த அத்தனை பேரும் செத்திருப்பார்கள். கெல்லியை ஏழைப் பங்காளன் என்று சொல்கிறவர்கள் இந்த ரயிலைப் பற்றியும் பேச வேண்டும்.

விடிய விடிய சண்டை. க்ளென்ரோவனில் கும்பல் பிடித்து வைத்திருந்த விடுதிக்குள் அறுபது பேருக்கு மேல் பிணைக் கைதிகள் இருந்தார்கள், போலீஸ் அது தெரிந்தும் சுட்டது. விடுதி நடத்திய ஆன் ஜோன்ஸ் என்ற பெண்ணின் மகன், 13 வயதுப் பையன், குண்டடிபட்டு இறந்தான். கடைசியில் விடுதிக்கே தீ வைத்தார்கள். கும்பலில் நெட் மட்டும்தான் உயிரோடு பிடிபட்டார். 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கருணை மனுவில் கையெழுத்துப் போட்டும் 1880 நவம்பர் 11-ல் தூக்கு.

அடுத்த வருடம் பரிசுத்தொகையைப் பங்கு போட்டார்கள். சண்டை தொடங்கியதுமே மணிக்கட்டில் குண்டு பாய்ந்து, சிகிச்சைக்காகக் களத்தைவிட்டுப் போன சூப்பரின்டெண்டென்ட் ஹேருக்கு 800 பவுண்டு. கர்னோவுக்கு 550. தடம் பார்த்தவர்களுக்குத் தலைக்கு 50. அந்த 50-ஐயும் அவர்கள் கையில் தரவில்லை. அவ்வளவு பணத்தை வைத்துக்கொள்ள இவர்களுக்குத் தெரியாது, அரசிடம் கொடுத்துவிடலாம், அரசு பார்த்துச் செய்யட்டும் என்று பரிந்துரை எழுதினார்கள். ராத்திரி முழுக்கத் துப்பாக்கிக்கு முன்னால் படுத்துக் கிடக்கத் தெரிந்தவனுக்கு ஐம்பது பவுண்டை வைத்துக்கொள்ளத் தெரியாது என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

இந்த இடத்தில் பதிவை முடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் இந்த ஆட்கள் பெனல்லாவுக்கு வருவதற்கு முந்தைய மாதம் எங்கே இருந்தார்கள் என்று தேடினேன். க்வீன்ஸ்லாந்தின் வடக்கே குக்டவுனில் இருந்தார்கள், அதே ஓ'கானர் தலைமையில், நேட்டிவ் போலீஸ் என்ற படையில். பூர்வகுடிகளைக் கொண்டே வேறு பூர்வகுடிகளை வேட்டையாட வெள்ளை அதிகாரிகள் நடத்திய படை அது. 1879 பிப்ரவரியில் குக்டவுன் பக்கம் இரண்டு வெள்ளையர்கள் தாக்கப்பட்டதற்குப் பழிவாங்க, கேப் பெட்ஃபோர்ட் கடற்கரையில் கூகு இமிதிர் மக்களை வளைத்தார்கள். கங்காரு என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த மொழி பேசுகிற மக்கள். இருபத்தெட்டு ஆண்கள். இருபத்து நான்கு பேர் மணலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நான்கு பேர் கடலில் நீந்திப் போனார்கள், அவர்களைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்த நடவடிக்கையில் இருந்த வீரர்களின் பெயர்கள் பார்னி, ஜாக், ஹீரோ, ஜானி, ஜிம்மி.

அதே பெயர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏமாற்றப்பட்டவர்கள் என்று யாருக்காகப் பொங்கினேனோ, அவர்கள் கையிலும் இரத்தம் இருந்தது. கட்டளை போட்டவன் வேறு, சரிதான், மறுத்திருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்பதும் ஊகிக்கக்கூடியதே. ஆனாலும் அந்தக் கடற்கரையில் விழுந்தவர்களுக்கு அது என்ன ஆறுதல்?

மூன்று போலீஸ்காரர்களின் சாவில் தொடங்கிய கெல்லி விவகாரத்தில் 1881-ல் ராயல் கமிஷன் அமைத்து மேலதிகாரிகளையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்கள். தேடுதலில் நடந்த குளறுபடிகள், அதிகாரிகளுக்குள் இருந்த பொறாமை எல்லாம் பக்கம் பக்கமாகப் பதிவானது. ஹேரும் இன்னொரு மேலதிகாரியான நிக்கல்சனும் போலீஸ் வேலையை விட்டுப் போக வேண்டியிருந்தது. நல்லது, நடக்க வேண்டிய விசாரணைதான். கேப் பெட்ஃபோர்டின் இருபத்தெட்டுப் பேருக்கு எந்தக் கமிஷனும் இல்லை. அந்தப் படைக்கு உடனே கிடைத்தது தெற்கே கெல்லியைப் பிடிக்கும் பொறுப்பு. கெல்லியா போலீஸா என்று நூற்று நாற்பது வருடத்துக்கு மேலாக நடக்கும் விவாதத்தில் இரண்டு பக்கமும் இந்தக் கடற்கரையைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை.

2011-ல் நெட் கெல்லியின் எலும்புகளை மரபணுச் சோதனை செய்து அடையாளம் கண்டார்கள், 2013 ஜனவரியில் அதே பகுதியில் இருக்கும் க்ரெட்டா என்ற ஊரில் குடும்பத்தாரோடு அடக்கம் செய்தார்கள். அவருக்கு அது நடந்ததில் எனக்கு வருத்தமில்லை. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பெனல்லாவில் வண்டியை நிறுத்தி, சாம்போவைப் புதைத்த ஊர் இது என்று பையனுக்குக் காட்டப் போகிறேன். அவனுக்குப் பத்து வயது. குக்டவுன் பற்றியும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.