கழுத்து நீர்க்கட்டியை ஊசியால் உறிஞ்சினால் போதுமா?

குழந்தையின் நடுக்கழுத்தில் வரும் பிறவி நீர்க்கட்டியை ஊசியால் உறிஞ்சினாலே தீர்ந்துவிடும், எலும்பை வெட்டும் அறுவை சிகிச்சை வீண் என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. கருவில் தைராய்டு சுரப்பி அடிநாக்கிலிருந்து கழுத்துக்கு இறங்கிய பாதை மறையாமல் தங்கிவிடுவதால்தான் இக்கட்டி உண்டாகிறது; குழந்தை நாக்கை நீட்டும்போது கட்டி மேலே ஏறுவதைப் பெற்றோரே பெரும்பாலும் கண்ணால் காணலாம். அந்தப் பாதை நாவடி எலும்பை ஒட்டிச் செல்வதால், கட்டியை மட்டும் அகற்றினால் மீண்டும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆகவேதான் 1920இல் அமெரிக்க அறுவை சிகிச்சை மருத்துவர் சிஸ்ட்ரங்க் விவரித்த முறைப்படி, அவ்வெலும்பின் நடுப்பகுதியையும் அடிநாக்கு வரையிலான பாதையையும் சேர்த்தே எடுக்கிறார்கள். எலும்பு என்றதும் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால் பேச்சும் விழுங்குதலும் இதனால் பொதுவாகக் கெடுவதில்லை. அரிதாகச் சிலருக்கு உடலிலுள்ள ஒரே தைராய்டு திசுவே அக்கட்டியாக இருக்கக்கூடும் என்பதால், முன்னதாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அவசியம்.