மூன்று ஓ

போன கிழமை அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப் பையைக் கதிரையில் போட்டுவிட்டு, "இனி நான் வகுப்பில இங்கிலிஷ் வாசிக்க எழும்பமாட்டன்" என்றாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. வாசிக்கச் சொன்ன பந்தியில் 'ரிசீற்' என்ற சொல் வந்திருக்கிறது, கடையில் காசு கட்டினால் தருகிற அதே ரிசீற்தான். நடுவில் நிற்கும் 'பி' (p) எழுத்தையும் சேர்த்து 'ரிசீப்ற்' என்று வாசித்திருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. படிப்பித்தவரும் சேர்ந்து சிரித்தாராம். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

பிள்ளை என்ன பிழை விட்டாள்? எழுதியிருந்ததை எழுதியபடி வாசித்தாள். அரிச்சுவடி தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் அவளுக்குப் பழக்கியது அதைத்தானே. தமிழிலும் ஒரே எழுத்து பலவிதமாக ஒலிக்கும். கல், தங்கம், பகல் என்று சொல்லிப் பாருங்கள், மூன்று 'க'வும் ஒன்றல்ல. ஆனால் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை எழுத்து நிற்கும் இடமே காட்டிவிடும். ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு அந்த உதவி கிடையாது. சொல்லின் கதை தெரிய வேண்டும், அல்லது யாராவது சொல்லித்தர வேண்டும்.

அன்று பின்னேரம் தேத்தண்ணீரோடு இருத்தி வைத்து அந்தக் கதையைச் சொன்னேன். ரிசீற் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வரும்போது அதில் 'பி' இல்லை. அதன் மூலம் லத்தீன் என்று காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிறகு 'பி'யை எழுத்தில் மட்டும் நுழைத்தார்கள். கடனைக் குறிக்கும் 'டெற்' என்ற சொல்லில் சத்தமில்லாமல் நிற்கும் 'பீ' (b) எழுத்தும் அப்படி வந்ததுதான், லத்தீனின் 'டெபிற்றும்' என்ற சொல்லை நினைவூட்ட. ஏமாற்றைக் குறிக்கும் 'டிசீற்' ரிசீற்றின் உறவுக்காரச் சொல், ஆனால் அதற்கு இன்றைக்கும் 'பி' இல்லை. இரண்டையும் கொப்பியில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப பிழை அவையிலதானே, சித்தி?"

ஓம் என்றேன்.

1476இல் வில்லியம் காக்ஸ்ரன் என்பவர் லண்டனுக்குப் பக்கத்தில் வெஸ்ற்மின்ஸ்ரரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை அமைத்தார். ஆங்கிலத்தின் நெட்டுயிர்களின் ஒலி மாறத் தொடங்கியிருந்த காலம் அது. மாற்றம் 17ஆம் நூற்றாண்டு வரை நடந்தது. வாய் மாறிக்கொண்டே போக, அச்சு பழைய எழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. 'நைற்' என்ற வீரனின் முன்னால் இருக்கும் 'கே'யை ஒரு காலத்தில் உண்மையாகவே உச்சரித்தார்கள். இதையெல்லாம் ஏன் வகுப்பில் சொல்வதில்லை? ஐந்து நிமிடம் போதும். "பாடமாக்கு" என்று மட்டும் சொன்னால் பிள்ளை தனக்குத்தான் மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறது.

இந்த ஊரில் அந்த நினைப்பு லேசில் போகாது. சிங்களத்தில் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று சொல்வது சும்மா இல்லை. என் முதல் நேர்முகத் தேர்வு கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் நடந்தது. 'டிவெலப்' என்பதில் முதல் அசையை அழுத்திச் சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவர் இரண்டு தரம் திருத்தினார். கணக்கியல் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அழுதேன்.

அவர் திருத்தியது சரிதான், அதையும் சொல்ல வேண்டும். எந்த அசையை அழுத்துவது என்பதுதான் ஆங்கிலப் பேச்சின் உயிர். அது மாறினால் கேட்பவருக்குச் சொல்லே விளங்காமல் போகலாம். லண்டன்காரர் மாதிரிக் கதைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அழுத்தத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கள் நகரத்தின் பெயரையே எடுங்கள். ஆங்கிலத்தில் கொழும்பு என்று எழுதினால் மூன்று 'ஓ' வரும், மூன்றும் மூன்று விதம். முதலாவது தேய்ந்து கிட்டத்தட்ட 'க' ஆகிவிடும். அழுத்தம் விழும் நடு 'ஓ' 'ல'வில் வரும் அகரம் போல ஒலிக்கும். கடைசியில் மட்டும்தான் 'ஓ' தன் பெயருக்கு ஏற்ப ஒலிக்கும். அழுத்தம் இல்லாத உயிர் தேயும் என்பது பிள்ளைகளுக்குப் புதினமாகத் தெரியலாம், ஆனால் 'கொழும்பு' என்ற தமிழ்ச் சொல்லின் கடைசி உகரமும் குறுகித்தானே ஒலிக்கிறது. குற்றியலுகரம் என்று தமிழ்ப் பாடத்தில் படித்தது. தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருநாள் சேர்ந்து நின்று இதைச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொன்றும் உண்டு. டீச்சர், டிக்கெட் என்பவற்றை யாழ்ப்பாணத்தார் ரீச்சர், ரிக்கற் என்று எழுதுவதைப் பலர் பிழை என்கிறார்கள். பிழையே இல்லை. நாங்கள் 'காற்று' என்று சொல்லும்போது நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறைத் தொடுகிறது. ஆங்கிலத்தின் 'ரீ' (t) பிறப்பதும் அதே இடத்தில்தான். 'ட'வுக்கு நாக்கு பின்னால் வளையும். எங்கள் பிள்ளைகளின் வாயில் ஏற்கெனவே இருக்கிற ஒலி அது.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நான் கேட்பது இதுதான்: பிள்ளை பிழையாக வாசித்தால் சிரிக்காமல் சரியான ஒலியைச் சொல்லிக்கொடுங்கள். எங்கே அழுத்துவது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக் காட்டுங்கள். கதை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

நேற்று இரவு அவள் தானாகவே கொப்பியைக் கொண்டு வந்தாள். தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்ற சொல்லின் 'எஸ்' எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள்.

"இதுவும் பிறகு போட்டதோ?"