கைக்கு எட்டாத ஒரு ஹோஸ்

எஞ்சினிலிருந்து ஹீட்டருக்குச் சூடான கூலண்ட் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் என்னவோ அற்ப விலைதான், அதை மாற்றும் பாடுதான் உயிரை வாங்குகிறது. கார், 1989-ல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். முன்சக்கர இழுவைக் கார்களில் குறுக்காக உட்கார்ந்திருந்த எஞ்சின் குடும்பம் இது; இதில் நெடுக்காகத் திருப்பி வைத்ததில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டின் ஒரு முனை, எஞ்சின் அறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தடுப்பான ஃபயர்வாலை ஒட்டிப் போய்விட்டது, ஹீட்டருக்குப் போகும் ஹோஸும் அந்த இடுக்கில்தான் தொடங்குகிறது. எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கையை விட்டுத் தடவ வேண்டும், விட்ட கை வெளியே வரும்போது புறங்கைத் தோல் பாதி அங்கேயே தங்கிவிடும்.

அதற்கு மேலேயே கேம் ஆங்கிள் சென்சார், கேம்ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது. அதன் ஓ-ரிங், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், வயதாகி இறுகிப் போய் எண்ணெய் கசிய, கசிவது நேராக இந்த ஹோஸ் மேல் சொட்டி, ரப்பர் ஊறி அல்வா மாதிரி ஆகிவிடுகிறது. ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளாம்ப்பை எந்தப் புண்ணியவான் மாட்டினானோ, இரண்டு காதும் ஃபயர்வாலைப் பார்த்து நிற்கின்றன! பிளையர் வாயைத் திறக்க இடமில்லை.

சரி, சென்சாரைக் கழற்றினால் இடம் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும்தான். அப்புறம் இக்னிஷன் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், போச்சு, அதை அளக்கும் டைமிங் லைட்டைத் தேடிப் பிடித்துத் திரும்ப 10 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும், ஒரு ஹோஸுக்காக. இதில் யூடியூபில் ஒருத்தர் 'ஈஸியான வேலைதான்' என்று சிரிக்கிறார், எஞ்சினை வெளியே எடுத்து ஸ்டாண்டில் மாட்டி வைத்துக்கொண்டு.