மத்தேயு 24ஐ வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரம்பூரில் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வருகிறேன், கதவு திறந்து கிடக்கிறது, கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, உளுந்து மாவு பொங்கிச் சுற்றுகிறது, அம்மாவைக் காணோம். முந்தின ஞாயிறுதான் பைபிளில் மத்தேயு 24ஆம் அதிகாரத்திலிருந்து "இரண்டு ஸ்திரீகள் எந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள்" என்று பிரசங்கம் கேட்டிருந்தேன். இயேசு யாருக்கும் தெரியாமல் வந்து விசுவாசிகளை எடுத்துக்கொண்டு போகும் இரகசிய வருகை நடந்துவிட்டது, அம்மா போய்விட்டார், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று நினைத்து அந்தக் கிரைண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தார்.

போன வாரம் அக்கா மகள் தூங்கமாட்டேன் என்று அழுதாள். ஏழு வயது. தூங்கும்போது வருகை வந்துவிட்டால் என்ன செய்வது என்கிறாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2015 வெள்ளம், கொரோனா, இப்போது இஸ்ரேலில் குண்டு விழுந்தாலும் உடனே வாட்ஸ்அப்பில் மத்தேயு 24 வந்துவிடுகிறது. ஆனால் 6ஆம் வசனத்தைப் பாதியில் வெட்டித்தான் அனுப்புகிறார்கள். யுத்தங்களைக் கேள்விப்படுவீர்கள் என்பதோடு இயேசு நிறுத்தவில்லை, "கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள்" என்கிறார், "முடிவு உடனே வராது" என்கிறார்.

அந்த அதிகாரத்தின் பெரும்பகுதி கி.பி. 70இல் நடந்ததைப் பற்றியது என்றே நான் வாசிக்கிறேன். சீஷர்கள் எருசலேம் தேவாலயத்தின் கட்டடங்களைக் காட்டினார்கள், ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்றார் ஆண்டவர், ரோமத் தளபதி தீத்துவின் படை அதை இடித்தது. லூக்கா 21இல் எருசலேம் சேனைகளால் சூழப்படும் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. ஓடிப்போவது மாரிகாலத்தில் நேராதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்பது யூதேயாவில் குடியிருந்தவர்களுக்குச் சொன்ன பேச்சு இல்லையா?

இவையெல்லாம் நடக்குமுன்னே "இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது" என்பதற்கு யூத இனம் என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. 1948இல் இஸ்ரேல் உருவானதைப் பார்த்த தலைமுறை என்று சொல்பவர்களும் உண்டு, அங்கே இயேசு உவமையாகச் சொல்கிற துளிர்விடும் அத்திமரம் அவர்களுக்கு இஸ்ரேல். அப்படியானால் லூக்கா ஏன் "அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்" என்று எழுதினார்? அப்புறம், இங்கே சந்ததி என்று வருகிற அதே கிரேக்கச் சொல்லைத்தான் மத்தேயு முதல் அதிகாரத்தில் நம் வேதாகமம் "தலைமுறைகள்" என்று மொழிபெயர்த்திருக்கிறது.

ஆண்டவர் திரும்ப வரமாட்டார் என்று நான் சொல்லவில்லை. எல்லாமே 70லேயே முடிந்துவிட்டது என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க வருவார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறவள் நான். ஆனால் கடைசிக்கால உபத்திரவத்துக்கு முன்னே சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனை, 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் முறையாக வகுத்துப் பரப்பி, 1909இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் வழியாக உலகமெங்கும் போனது. பழங்காலச் சபைத் தந்தை அகஸ்டின் அப்படிப் போதிக்கவில்லை. இதை ஏற்காதவன் விசுவாசியே இல்லை என்று மேடையில் பேசுவது சரியா?

அந்தக் கிரைண்டர் வசனத்துக்கே, 41ஆம் வசனத்துக்கே, வருகிறேன். இரண்டு வசனம் முன்னே நோவாவின் காலம் வருகிறது. அங்கே ஜலப்பிரளயம் "வாரிக்கொண்டுபோனது" அழிந்தவர்களை. நோவா பிழைத்து நின்றான். அப்படிப் பார்த்தால் விடப்படுவதுதான் நல்லது என்றும் வாசிக்கலாம். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் வேறு வேறு வினைச்சொல், ஆகவே ஏற்றுக்கொள்ளப்படுவதுதான் நல்லது என்கிற எதிர்த்தரப்பு வாதத்திலும் பலம் இருக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். இவ்வளவு யோசிக்க வேண்டிய ஒரு வசனத்தை ஏழு வயதுப் பிள்ளையின் படுக்கையில் கொண்டுபோய் வைக்கிறோமே!

அன்றிரவு அவளுக்கு லூக்கா 21:28ஐ வாசித்தேன்: "நிமிர்ந்துபார்த்து, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்." "அப்போ ஒளிஞ்சுக்க வேண்டாமா சித்தி?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். லைட்டை மட்டும் அணைக்கவிடவில்லை.

ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிற அக்கா, அண்ணன்மாரே, 41ஆம் வசனத்தைச் சொல்லிக்கொடுக்கிற அன்றைக்கு 6ஆம் வசனத்தையும் முழுசாக வாசித்துக் காட்டுங்கள்.