பழைய பிரம்பு நாற்காலிய தூக்கிப் போடாதீங்க

இப்போ சிங்கப்பூர்ல எந்தப் புது பிடிஓ வீட்டுக்கு, அதாவது புதுசா கட்டித் தர்ற எச்டிபி அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்குப் போனாலும் ஒரு ஆர்ச் வாசல், அலை அலையா ஒரு கண்ணாடி, சுருள் சுருளா நூல் துணி போட்டு உருண்டு திரண்ட வெள்ளை பூக்லே சோபா. எனக்கும் வளைவு ரொம்பப் பிடிக்கும், எல்லாப் பக்கமும் நேர்கோடா இருக்கிற எச்டிபி வீட்டுக்குள்ள ஒரு வளைவு வந்தா கண்ணுக்கே ஆறுதலா இருக்கும். ஆனா அந்த ஆர்ச்ச கொஞ்சம் தட்டிப் பாருங்க, முக்கால்வாசி ஜிப்சம் போர்டு, பக்கத்துல அலமாரி மேல மரம் மாதிரி பிரிண்ட் பண்ண லேமினேட். வடிவம் மட்டும் இயற்கை, பொருள் ஒண்ணுகூட இல்ல. இத என்னால ஏத்துக்கவே முடியல.

ஏன்னா இந்த வளைவு ஸ்டைல் பொறந்ததே பொருள்லேர்ந்துதான். 1859ல மைக்கேல் தோனெட்ங்கிற நாற்காலி தயாரிப்பாளர் பீச் மரத்த நீராவில வேக வச்சு வளைச்சு, ஆறே மரத்துண்டுல 14ம் நம்பர் நாற்காலிய பண்ணாரு, வியன்னா காப்பிக் கடைங்கள்ல பேர் வாங்குன நாற்காலி அது. 1930கள் ஆரம்பத்துல பின்லாந்துல கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்ட்டோ, பைமியோங்கிற ஊர்ல இருந்த காசநோய் ஆஸ்பத்திரிக்காக பிளைவுட்ட வளைச்சு ஒரு நாற்காலி பண்ணாரு, நோயாளி மூச்சு விட சுலபமா இருக்கணும்னு முதுகுப் பக்கத்த சாய்ச்சு வச்சாரு. இரும்புக் குழாய் உடம்புல பட்டா சில்லுன்னு இருக்கும்னுதான் அவர் மரத்துக்கே போனாரு. மரம் எவ்ளோ வளையுமோ அவ்ளோதான் வளைவு, அதான் அந்த அழகு.

தோனெட் நாற்காலில சீட் எதுல பின்னினது தெரியுமா, பிரம்புப் பட்டைல! பிரம்பு நம்ம பக்கத்துக் காட்டுச் சரக்கு, இந்தோனீசியா மலேசியாவுல மரத்தப் புடிச்சு ஏறுற பனை வகை, மூங்கில் மாதிரி உள்ள வெறுமையா இருக்காது, கெட்டியா இருக்கும், சூடு காட்டினா சொன்னபடி வளையும். ஏறிப் போக மரம் வேணும்ங்கிறதால காடு இருந்தாதான் பிரம்பும் இருக்கும். அந்தக் காலத்துல சிங்கப்பூர் துறைமுகம் வழியா எவ்ளோ பிரம்பு போயிருக்கு!

நம்ம புழுக்கத்துக்கும் அதான் சரி, பின்னலுக்குள்ள காத்து போய் வரும், முதுகு வேர்க்காது. பூக்லே சோபால ஏர்கான் இல்லாம உக்காந்து பாருங்க, தூசியும் அந்த சுருள் நூல்ல போய் ஒட்டிக்கும். பிரம்பையும் காத்தே வராத மூலைல போட்டா பூஞ்சை புடிக்கும்தான், ஜன்னல் பக்கமா போட்டு அப்பப்போ காஞ்ச துணில தொடைங்க.

புது வீடு எடுக்கிற தம்பி தங்கச்சிங்களா, ரெனொவேஷன் காச ஆர்ச்ல கொட்டுறதுக்கு முன்னாடி அம்மா வீட்டுல, தாத்தா வீட்டுல பழைய பிரம்பு நாற்காலி இருக்கான்னு கேளுங்க. சீட் கிழிஞ்சிருச்சுன்னு புளோக் கீழ கொண்டு போய் வச்சிடாதீங்க, காலும் சட்டமும் உறுதியா இருந்தா சீட்ட மட்டும் பிரிச்சு புதுசா பின்னிக்கலாம். பின்னிக் குடுக்கிறவங்க இன்னும் இங்க இருக்காங்க, நாம வேலை குடுத்தாதான் அவங்களால தொடர்ந்து செய்ய முடியும்.