கையில் காசில்லாத வேற்றுக்கிரகப் பிள்ளைகள்

'ரேஸ் டு விட்ச் மவுண்டன்' படத்தைச் சின்னப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிடிக்கிறது, மல்யுத்தக்காரர் ராக் நடித்தது ஆச்சே. டுவைன் ஜான்சன் என்று அவர் நிஜப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. 2009-ல் வந்த படம். லாஸ் வேகாஸில் டாக்சி ஓட்டுகிறார், பின் சீட்டில் திடீரென்று வேற்றுக்கிரகத்துப் பையனும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே போகணும் என்றால் கத்தையாக டாலரை நீட்டுகிறார்கள். எனக்குக் கதை அங்கேயே செத்துப்போச்சு.

ஏனென்றால் காசு கொடுத்து ஏறினால் அது சவாரி. இந்த வரிசையில் 1975-ல் டிஸ்னி எடுத்த முதல் படம், 'எஸ்கேப் டு விட்ச் மவுண்டன்', அதில் டியாவும் டோனியும் அநாதை விடுதிப் பிள்ளைகள், தாங்கள் வேற்றுக்கிரகம் என்பதே மறந்துபோனவர்கள். சொத்து என்றால் ஒரு பூனை, ஒரு மவுத் ஆர்கன், நட்சத்திரம் போட்ட ஒரு சின்னப் பெட்டி. பையன் மவுத் ஆர்கன் வாசித்தால் பொருட்கள் எழுந்து ஆடும், அந்தப் பெண் வாய் திறக்காமலே பேசும். இது தெரிந்ததும் ஒரு கோடீஸ்வரன் 'நான்தான் உங்க மாமா' என்று பொய் சொல்ல ஓர் ஆளை அனுப்பி இரண்டு பேரையும் பங்களாவுக்குக் கூட்டிக்கொள்கிறான். அங்கிருந்து தப்பி, ஓ'டே என்கிற ஒரு கிழவரின் வேனில் ஒளிகிறார்கள். மனைவியைப் பறிகொடுத்த சிடுசிடு மனுஷன். உடம்பும் கிடையாது சண்டையும் கிடையாது, முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஓட்டுகிறார், அவ்வளவுதான்.

டியாவுக்கு விட்டு விட்டு வரும் ஞாபகம் ஒரு கடல் விபத்து. நான் நாகப்பட்டினத்துக்காரன், 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் அந்தக் காட்சியை என்னால் வெறும் கற்பனையாகப் பார்க்க முடியாது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அம்மா அப்பா இரண்டு பேரையும் தொலைத்த பிள்ளைகளுக்கு அரசு தனியாகக் காப்பகமே திறக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் கல்யாண மண்டபங்களில் அண்டா அண்டாவாகச் சாம்பார் சாதம் கிண்டினார்கள், சட்டையில்லாமல் மண்ணோடு நின்ற பையன் கையில் இலையைக் கொடுத்து, அவன் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் எந்தத் தெரு, யார் வீடு என்று கேட்டார்கள். படத்தில் ஓ'டே கிழவர் செய்வதும் இதைத்தான். வண்டியில் வைத்துக்கொண்டு அப்புறம் மெதுவாக விசாரிக்கிறார்.

புதுப் படத்திலும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. பழைய படத்தில் டியாவாகவும் டோனியாகவும் நடித்த கிம் ரிச்சர்ட்ஸும் ஐக் ஐசன்மானும் இதில் ஹோட்டலில் சாப்பாடு பரிமாறும் பெண்ணாகவும் ஷெரீஃபாகவும் வந்து புதுப் பிள்ளைகளுக்கு உதவுகிறார்கள். கொஞ்ச நேரம்தான். எனக்கு அது போதும்.

பழைய படத்தின் முடிவில் இன்னொன்று உண்டு. பிள்ளைகள் ஜோடி ஜோடியாகச் சிதறிப் போனார்கள், தங்கள் ஆட்கள் இருக்கும் விட்ச் மவுண்டன் மலைக்கு வந்து சேர்ந்த முதல் ஜோடி இவர்கள்தான். அப்படியானால் மற்ற ஜோடிகள் எங்கே, யார் வண்டியில்? 1978-ல் வந்த இரண்டாம் பாகம் இதைக் கண்டுகொள்ளாமல் மூளையைக் கட்டுப்படுத்தும் கருவி, தங்கக் கொள்ளை என்று வேறெங்கோ போய்விட்டது.

நமக்கும் வேற்றுக்கிரகம் புதிதில்லை. 1963-லேயே 'கலை அரசி'யில் பாட்டுக்காக பானுமதியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எம்.ஜி.ஆர். போய் மீட்டார். 2024 பொங்கலுக்கு 'அயலான்' வந்தது. எனக்கு வேண்டியது பிள்ளைகள் வந்து இறங்கும் படம். வேதாரண்யம் உப்பளத்தில் இறங்கட்டும், கோடியக்கரைக் காட்டில் வெளிமானுக்கும் மட்டக் குதிரைக்கும் நடுவில் ஒளியட்டும். உப்பு ஏற்ற வந்த ஒரு குட்டியானை வண்டி, ஓட்டுகிறவர் பேரன் பேத்தி எடுத்த ஆள், டீசல் விலையைத் திட்டிக்கொண்டே "யாரு வூட்டுப் புள்ளைங்க நீங்க, சரி ஏறுங்க மொதல்ல" என்று சொன்னால் போதும், மீதிக் கதையை அந்தப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். கடைசியில் அந்தக் குட்டியானை பறக்கணும், பழைய படத்தில் வேன் பறந்த மாதிரி. கிராபிக்ஸ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, 1975-லும் சுமார்தான்.