'சூப்பர்' மட்டும்தான் சொல்ல வேண்டுமாம்

நம் புகைப்படக் குழுவில் ஒரு தம்பி எடுத்துப் போட்ட அழகர் படத்தின் கீழே நான் எழுதியிருந்த கருத்தை அட்மின் தூக்கிவிட்டார். கேட்டதற்கு 'நெகட்டிவ் கமெண்ட்' என்று இரண்டே வார்த்தையில் பதில். நேற்றிரவு குழுவின் உச்சியில் புது விதிகளும் ஏறிவிட்டன. புதியவர்களை ஊக்கப்படுத்துங்கள், குறை சொல்லாதீர்கள், பிடிக்கவில்லை என்றால் கடந்து போங்கள். யாரை மனதில் வைத்து எழுதியது என்று குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் நானும் சுற்றி வளைக்காமல் நேராகவே பேசிவிடுகிறேன்.

படம் எல்லோரும் பார்த்ததுதான். கருப்பசாமி வேடத்தில் ஒரு பெரியவர், தோளில் தோல் பை, துருத்தியிலிருந்து தண்ணீர் வளைந்து மேலே போகிறது. பின்னால் கலங்கலாகத் தங்கக் குதிரை. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில், வைகைக்குள் அந்தக் கூட்டத்தில், தண்ணீர் படாமல் கேமராவைத் தூக்கிப் பிடிப்பதே பெரும்பாடு. சித்திரைத் திருவிழாவில் நின்று படம் எடுத்தவர்களுக்கு அது தெரியும்.

நான் எழுதியது இதுதான். தண்ணீர்க் கோடு அருமை. ஷட்டரை இன்னும் வேகமாக வைத்திருந்தால் அது துளித்துளியாக நின்றுபோயிருக்கும், இந்த ஓட்டம் வந்திருக்காது. வலது ஓரத்தில் முன்னால் நிற்கும் யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அந்தப் போன் திரைதான் படத்திலேயே வெளிச்சமான இடம். அதனால் பார்வை பெரியவரின் முகத்தில் நிற்காமல் அங்கே ஓடுகிறது. ஓரடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்தக் கை ஃபிரேமுக்கு வெளியே போயிருக்கும். இப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் வெட்டிப் பாருங்கள், குதிரையின் வால் போகும், அவ்வளவுதான் நஷ்டம். சாச்சுரேஷனை, அதாவது நிறங்களின் அடர்த்தியை, ஏற்றியதில் பெரியவரின் தோல் ஆரஞ்சு நிறமாகிவிட்டது, நெற்றியில் இருக்கும் குங்குமம் தனியாகத் தெரியவில்லை. அதை மட்டும் இறக்குங்கள். நல்ல படம்.

இதில் எது நெகட்டிவ்? யாராவது வரியைக் காட்டிச் சொல்லுங்கள்.

அந்தப் படத்துக்கு வந்த மற்ற கருத்துகளையும் பாருங்கள். சூப்பர் ப்ரோ. செம க்ளிக். வேற லெவல். வரிசையாகத் தீ பொம்மைகள். அதில் ஒருவர்கூடத் துருத்தியைப் பற்றி எழுதவில்லை. தண்ணீரைப் பற்றி எழுதவில்லை. பெரியவரின் முகத்தைப் பற்றி எழுதவில்லை. போகிற போக்கில் விரலால் தட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தத் தம்பி இரவெல்லாம் தூங்காமல், ஆற்றுக்குள் நசுங்கி நின்று எடுத்த படம். அதன் முன்னால் ஒரு நிமிடம் நிற்க யாருக்கும் மனமில்லை. நான் நின்றேன். நின்று பார்த்ததை எழுதினேன். ஒருவர் எடுத்த படத்தை முழுசாகப் பார்ப்பதைவிடப் பெரிய ஊக்கம் என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

'அவர் கேட்டாரா?' என்கிறார்கள். கேட்டார். படத்துக்கு மேலே அவரே 'சி&சி வெல்கம்' என்று போட்டிருக்கிறார். கருத்தும் விமர்சனமும் வரட்டும் என்று வாசலைத் திறந்து வைத்தவர் வீட்டுக்குள்தான் போனேன். இதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் தேவையில்லை.

எனக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது எந்த வகுப்பும் இல்லை. ஃபிலிம் ரோல் காலத்தில் நான் கழுவக் கொடுக்கும் ஸ்டுடியோவில் ஓர் அண்ணாச்சி இருந்தார். ஒரு ரோலில் 36 படம். அத்தனையையும் பிரிண்ட் போட என்னிடம் காசு இருக்காது. காண்டாக்ட் ஷீட் மட்டும் போட்டுத் தரச் சொல்வேன். தபால்தலை அளவில் வரிசையாக எல்லாப் படமும் ஒரே தாளில் இருக்கும். அண்ணாச்சி கறுப்பு அட்டையில் 'ட' எழுத்து மாதிரி இரண்டு துண்டு வெட்டி வைத்திருந்தார். இரண்டையும் எதிரெதிராகப் படத்தின் மேல் வைத்து மெதுவாக உள்ளே தள்ளுவார். 'இந்தத் தூண் இல்லைன்னா படம் எப்படி இருக்கு, சொல்லுங்க' என்பார். நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று அவர் வாயால் சொன்னதே இல்லை. அட்டையை நகர்த்துவார், என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டும் வரை நகர்த்திக்கொண்டே இருப்பார். கடைசியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, 'இதை மட்டும் பெரிசா போடலாம்' என்பார். கடைக்கு வெளியே இரண்டு பேர் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்காகக் காத்திருப்பார்கள். அவர் அவசரப்பட மாட்டார். எனக்காக அந்த நேரத்தை ஒதுக்க அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. இன்றைய விதிப்படி பார்த்தால் அவரும் நெகட்டிவ் ஆள்தான். அவரையும் குழுவிலிருந்து தூக்கியிருப்பீர்கள்.

அடுத்து வருவது 'கலை அவரவர் ரசனை'. சரி, ரசனைதான். கறுப்பு வெள்ளை பிடிக்கும், கலர் பிடிக்கும் என்பது ரசனை. ஓரத்தில் எரிகிற போன் திரை ரசனை இல்லை, அது அங்கே இருக்கிறது. ஃபிரேமை மூன்று மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வை என்கிற ரூல் ஆஃப் தேர்ட்ஸ், அதைக் காட்டிக் கட்டம் போட்டு நான் யாரையும் அடித்ததும் இல்லை. அந்த விதியே 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் இயற்கைக் காட்சி வரைவதைப் பற்றி எழுதும்போது சொன்னது. அப்போது புகைப்படமே வரவில்லை. பெரியவர் படத்தின் நடுவில் நிற்கிறார், அது எனக்குப் பிடித்திருந்தது. விதி மீறல் என்று நான் ஒரு வார்த்தை எழுதவில்லை.

எடிட்டிங்கைக் குறை சொல்லிவிட்டேன் என்று ஒருவர் பொங்கியிருக்கிறார். எடிட்டிங் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? 1858இல் நம் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோவிலையும் நாயக்கர் மகாலையும் படம் எடுத்த லின்னேயஸ் ட்ரைப், வெறும் வெள்ளையாக வந்த வானத்தில் நெகட்டிவ் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டியவர். அந்தக் காலத்திலேயே எடிட்டிங் உண்டு. ஆரஞ்சுத் தோல் வேண்டாம் என்றேன், அவ்வளவுதான்.

இன்னொரு அண்ணன், அந்தக் காலத்து பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனைத் துணைக்கு அழைத்து வந்திருக்கிறார். விமர்சகர்கள் அவரைக் கிழித்தார்கள், இன்று விமர்சகர்கள் பேர் யாருக்குத் தெரியும், கேமரூனைத்தான் தெரியும் என்கிறார். எனக்கு மிகவும் பிடித்தவரையே என் மேல் எறிந்திருக்கிறார், அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். 1863இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கியவர் அவர். ஃபோகஸ் இல்லை, நெகட்டிவ் கண்ணாடித் தட்டில் கறை, கைரேகை என்று புகைப்படச் சங்கத்துக்காரர்கள் திட்டினார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் என்ன காரணத்துக்காகப் பிடிக்கவில்லை என்று எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு, மென்மையான ஃபோகஸ்தான் எனக்கு வேண்டும் என்று அவர் தெரிந்தே நின்றார். அதே நேரத்தில் ஜி. எஃப். வாட்ஸ் என்ற ஓவிய நண்பரிடம் தன் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டார். வாட்ஸ் சும்மா புகழ்ந்துவிட்டுப் போகவில்லை, எது சரியாக வந்திருக்கிறது, எது வரவில்லை என்று எழுதினார். 1865இல் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கிக் கண்காட்சியாகவும் வைத்தது. ஏற்பதும் தள்ளுவதும் அவர் உரிமை. ஆனால் தள்ளுவதற்காவது ஒரு கருத்து வேண்டாமா? 'வேற லெவல் மேடம்' என்ற ஒன்றை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது?

1875இல் அவர் இலங்கைக்குப் போய்விட்டார், 1879இல் அங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில்தான் கல்லறை. இலங்கையில் தோட்டத்தில் வேலை செய்த நம் ஆட்களையும் படம் எடுத்திருக்கிறார். அந்த முகங்களை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத அந்தப் பெண்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

'மனசு உடைஞ்சு போயிடும்' என்பதை மட்டும் நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். உடையும். ஒரு போட்டியில் நடுவராக இருந்தவர் என் பிரிண்ட்டை இரண்டு விரலால் தூக்கி, 'சமையல்கட்டைத் தாண்டி வெளியே வாங்கம்மா' என்றார். அடுப்பு வெளிச்சத்தில் என் அத்தை முகம் அது. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார், பெண் என்று பார்த்தார், முடித்துவிட்டார். பல மாதம் கேமராவைத் தொடவில்லை நான். மனசு உடைவது எனக்குத் தெரியாது என்று மட்டும் யாரும் பேசாதீர்கள். அந்த நடுவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றா? அவர் 'ஏன்' என்று சொல்லவில்லை. நான் சொன்னேன்.

இத்தனைக்கும் அதே அழகர் படத்தின் கீழே குழுவின் மூத்தவர் ஒருவர், 'கிட் லென்ஸா? நல்ல லென்ஸ் வாங்கிட்டு வா தம்பி' என்று எழுதியிருக்கிறார். கிட் லென்ஸ் என்றால் கேமராவோடு சேர்ந்தே வருகிற சாதாரண லென்ஸ். அது அப்படியே இருக்கிறது. அது நெகட்டிவ் இல்லையாம், அக்கறையாம். லென்ஸ் வாங்க அந்தப் பையனிடம் பணம் இருக்கிறதா என்று யாருக்குக் கவலை? ஓரடி நகர்ந்து நிற்பதற்குக் காசு ஆகாது. நான் சொன்னது காசில்லாத வழி. அது நீக்கப்பட்டுவிட்டது.

கடைசியாக, 'தனியாக இன்பாக்ஸில் சொல்லியிருக்கலாமே' என்பவர்களுக்கு. பொதுவில் சொன்னால் அதைப் படிக்கிற இன்னும் பத்துப் பேர் அடுத்த முறை ஃபிரேமின் ஓரத்தைப் பார்ப்பார்கள். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இதுவரை குழுவில் சொன்னதில்லை, இன்று சொல்கிறேன். இந்தக் குழுவில் படம் போடும் பெண்பிள்ளைகளுக்கு இன்பாக்ஸ் விமர்சனம் என்றால் என்ன என்று நன்றாகத் தெரியும். 'காம்போசிஷன் சொல்லித் தரேன், நம்பர் குடும்மா.' 'தனியா ஒரு போட்டோ வாக் போலாமா?' எனக்கு இந்த வயதிலும் வந்திருக்கிறது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் அழுதுகொண்டே ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். நல்ல கண் உள்ள பிள்ளை. மழைக்காலத்துக் கண்மாயை அவளைப் போல இங்கே யாரும் எடுத்ததில்லை. குழுவை விட்டே போய்விட்டாள். அவள் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை, ஏன் போனாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பொதுவில் நான்கு பேர் பார்க்கச் சொன்ன கருத்துக்குத் தடை. இருட்டில் அனுப்பும் செய்தியைப் பற்றி அந்தப் புது விதிகளில் ஒரு வரி இல்லை. அட்மின் அவர்களே, அந்தப் பெண் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை அவள் சம்மதத்தோடு அப்போதே உங்களுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டீர்கள் என்று நீல டிக் காட்டுகிறது. என் கருத்தைத் திரும்பப் போட வேண்டாம். அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு பதில் போடுங்கள்.